ஆடாசிட்டியில் தேங்கும் கோப்புகளில் எவற்றை நீக்கலாம்?

கேள்வி: பாடக்குரல்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து, ஆடாசிட்டி 3.4 என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து வருகிறேன். மடிக்கணினியில் இடம் தீர்ந்துவிட்டது. இரண்டு மணி நேரம் மோனோவில் வாசித்ததைத் திருத்தி 40 நிமிடப் பாடமாகச் சுருக்கிய பிறகும், அந்த ப்ராஜெக்ட் கோப்பு 1.2 ஜிபிக்குக் கீழே இறங்கவில்லை. பக்கத்தில் டபிள்யூ.ஏ.எல். என்று முடியும் கோப்பு ஒன்றும், பழைய பதிப்பில் செய்த பாடங்களின் டேட்டா கோப்புறைகளும் கிடக்கின்றன. மறுபடி வாசிக்க முடியாத பதிவுகள் என்பதால் கைவைக்கத் தயங்குகிறேன்.

மறுமொழி: ஒலித்தடம்

வணக்கம். 44,100 ஹெர்ட்ஸ், 32 பிட் மோனோ ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்பி எடுக்கும். அந்தக் கணக்கில் 40 நிமிடத்துக்கு 420 எம்பி அளவே ஆக வேண்டும். உங்கள் கோப்பில் இரண்டு மணி நேரமும் அப்படியே இருக்கிறது. வேண்டாத பகுதிகளைத் தேர்ந்தெடுத்து அழிக்காமல், துண்டின் ஓரத்தை இழுத்துக் குறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2021-இல் வந்த 3.1 முதல், அவ்வாறு குறுக்கிய ஒலி கண்ணுக்கு மறைகிறதே தவிரக் கோப்பை விட்டு நீங்குவதில்லை. பாடத்தை முழுதாகக் கேட்டுச் சரிபார்த்த பிறகு, அந்தத் தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ட்ராக்ஸ் பட்டியலில் உள்ள 'மிக்ஸ் அண்ட் ரெண்டர்' (கண்ணுக்குத் தெரியும் ஒலியை மட்டும் புதிதாக எழுதும் கட்டளை) கொடுத்துச் சேமித்து, ப்ராஜெக்ட்டை மூடுங்கள். அன்டூ வரலாறு, அதாவது திருத்தங்களைத் திரும்பப் பெறுவதற்காக வைத்திருக்கும் பழைய ஒலி, மூடும்போதுதான் கழிகிறது. ஆகவே திறந்திருக்கும்போது அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மறுமொழி: பழையநாடா

டபிள்யூ.ஏ.எல். கோப்பைத் தயவுசெய்து கையால் அழிக்காதீர்கள். ப்ராஜெக்ட் கோப்பு உண்மையில் ஓர் எஸ்.க்யூ.லைட் தரவுத்தளம், புதிதாக எழுதப்படுவது முதலில் இந்தத் துணைக்கோப்பில் விழுந்து, பிறகே முதன்மைக் கோப்பில் சேர்கிறது. முறையாக மூடினால் அது தானே மறைந்துவிடும். மூடிய பின்னும் கிடந்தால், நிரல் இடையில் நின்றுபோயிருக்கலாம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தபடி ப்ராஜெக்ட்டை ஒருமுறை திறந்து மூடுங்கள். மின்வெட்டுக்குப் பின் இதைக் குப்பை என்று எண்ணி அழித்து, ஒரு மாலை முழுவதும் பதிந்ததை இழந்திருக்கிறேன். சேமிக்காத பதிவுகள் செஷன்டேட்டா என்னும் தற்காலிகக் கோப்புறையில் தங்கும். அவற்றை அங்கே போய் அழிப்பதைவிட, அடுத்த முறை ஆடாசிட்டியைத் திறக்கும்போது வரும் மீட்புப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிப்பதே பாதுகாப்பு.

மறுமொழி: பாடக்குரல்

மிக்க நன்றி. ஓரத்தை இழுத்துத்தான் குறுக்கியிருந்தேன். நீங்கள் சொன்னபடி செய்து மூடியதும் கோப்பு 430 எம்பிக்கு வந்துவிட்டது. டேட்டா கோப்புறைகளை என்ன செய்வது?

மறுமொழி: பழையநாடா

3.0-க்கு முந்தைய பதிப்புகளில் ஒலி முழுவதும் அந்தக் கோப்புறைக்குள் சிறு சிறு துண்டுகளாகவே இருக்கும், கூடவரும் ஏ.யூ.பி. கோப்பு அவற்றின் வரிசையை மட்டுமே அறியும். எனவே பழைய ப்ராஜெக்ட்டைப் புதிய பதிப்பில் திறந்து, புதிய வடிவில் சேமித்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்டு, வெளி வட்டில் ஒரு படி எடுத்த பிறகே அந்த இரண்டையும் சேர்த்து நீக்குங்கள்.