புதுப்பிப்பு: கஃபைன் கண் ஜெல்லில் வந்த நெருடல் தீர்ந்தது

கண்ணடி வீக்கத்துக்கும் கருவளையத்துக்கும் நான் செய்த கஃபைன் ஜெல் இரண்டே நாளில் மணல் மாதிரி நெருடுகிறது, நீர்த்தும் போகிறது என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நெருடியது கஃபைன்தான். ஒருவர் சொன்னபடி கண்ணாடித் துண்டில் தடவி வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசி ஊசியாகப் படிகங்கள். அறை வெப்பத்தில் 100 மில்லி நீரில் சுமார் 2 கிராம்தான் கரையும், நான் போட்டதோ 3%. சூட்டில் கரைந்தது ஆறியதும் வெளியே வந்துவிட்டது. இப்போது 1.5%, 70 டிகிரி நீரில் முழுக்கக் கரைத்து, ஆறியபின் 4% நியாசினமைடு (வைட்டமின் B3-யின் ஒரு வகை) சேர்க்கிறேன். கஃபைன் கரைந்தே இருக்க அதுவும் கைகொடுக்கிறது. ஆறு வாரமாக வழவழப்பாகவே இருக்கிறது.

நீர்த்ததற்குக் காரணம் வேறு. ஜெல்லைக் கெட்டியாக்க நான் போட்ட கார்போமருக்கு உப்பு ஆகாது. நான் சேர்த்திருந்த சோடியம் லாக்டேட்டும் ஒரு உப்புதான். கார்போமரை விட்டு, சாந்தன் கம் என்ற வேறொரு கெட்டியாக்கும் பொருளுக்கு மாறச் சொன்ன யோசனை பலித்தது. ஆனால் 1% போட்டால் மேலே சன்ஸ்கிரீன் தடவும்போது திரிதிரியாக உருள்கிறது. 0.6% போதும்.

எதிர்பாராதது ஒன்று: குளிர்ச்சிக்காக ஒரு டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்தேன், மறுபடி ஊசிகள்! குளிரில் கஃபைன் இன்னும் குறைவாகவே கரையும். ஜெல்லை வெளியே வைத்து, தடவிய பிறகு குளிர்ந்த கரண்டியை ஒற்றிக்கொள்கிறேன்.

காலை வீக்கம் நன்றாக வடிகிறது. கருவளையத்தில் பெரிய மாற்றமில்லை. என்னுடையது பெரும்பாலும் கண்குழியின் நிழல், அதை எந்த ஜெல்லும் நிரப்பாது.