கெண்ட் ரிட்ஜா, ஜூரோங்கா? பொருளறிவியல் படிக்கப்போகும் மகளுக்கு எந்தப் பல்கலைக்கழகம்?

பொங்கோல் தாய்:
தொடக்கக் கல்லூரியில் ஏ நிலைத் தேர்வை (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த என் மகளுக்குப் பொருளறிவியல் பொறியியல் (உலோகம், நெகிழி போன்ற பொருள்களின் தன்மையை ஆராயும் துறை) படிக்க, கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் ஜூரோங்கில் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இடம் தந்திருக்கின்றன. அரசாங்கக் கல்விக் கட்டண மானியம் போக நாங்கள் கட்டவேண்டிய தொகை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. மத்திய சேமநிதியிலிருந்து (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) கட்டவும் இரண்டிலும் வழியுண்டு. ஆகவே பணத்தை வைத்து முடிவெடுக்க இயலவில்லை. கணவர் தேசியப் பல்கலைக்கழகம் என்கிறார். மகளின் மனம் நன்யாங்கில் இருக்கிறது.

கெண்ட் ரிட்ஜ் பழைய மாணவர்:
உங்கள் கணவர் சொல்வதே சரி அம்மா. 1905இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய மரபு அது. பழைமைக்காக மட்டும் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் தேர்ந்தெடுத்த துறை இருபது வயதில் கசந்துபோவதை நான் நண்பர்களிடம் கண்டிருக்கிறேன். சட்டம், கணினியியல், இசை வரை ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புலங்களாக இருப்பதால், முதன்மைப் பாடத்தோடு வேறொன்றைச் சேர்த்துப் படிக்க முடிகிறது. முதலாண்டுப் பாடங்கள் சிலவற்றின் மதிப்பெண்ணைச் சராசரியில் சேர்க்காமல் விடும் வாய்ப்பும் உண்டு. தொடக்கக் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளை தடுமாறி எழ அது அவகாசம் தரும்.

நன்யாங் பொறியாளர்:
மரபைப் பற்றிப் பேசினால் முழுவதையும் பேசவேண்டும். ஜூரோங்கில் இருக்கும் எங்கள் வளாகம், 1955இல் சீனச் சமூகம் திரட்டிய நன்கொடையில், முச்சக்கர வண்டியோட்டிகளும் தங்கள் உழைப்பின் பங்கைக் கொடுத்து எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகத்தின் மண். அது 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுத்தான் தேசியப் பல்கலைக்கழகம் பிறந்தது. அடுத்த ஆண்டு அதே வளாகத்தில் தொடங்கிய தொழில்நுட்பக் கழகம் 1991இல் இன்றைய பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் மகளுக்கு வேண்டியது வரலாறு அன்று, துறை. நன்யாங்கில் பொருளறிவியலுக்குத் தனிப் பள்ளியே (பல்கலைக்கழகத்துக்குள் தனிப் பிரிவு) இருக்கிறது. கெண்ட் ரிட்ஜில் அது வடிவமைப்பு, பொறியியல் கல்லூரியின் பல துறைகளுள் ஒன்று. அங்கே பொதுப் பாடங்களுக்கும் கணிசமான நேரம் போகும்.

கெண்ட் ரிட்ஜ் பழைய மாணவர்:
அந்தப் பொதுப் பாடங்களைச் சுமையாகக் காட்டுவதை ஏற்க மாட்டேன். வடிவமைப்பும் நிரலாக்கமும் அறியாத பொறியாளர் ஆய்வகத்துக்கு வெளியே எதைச் செய்ய முடியும்? அதோடு பயணத்தையும் எண்ணிப் பாருங்கள். பொங்கோலிலிருந்து வடகிழக்கு ரயிலில் ஹார்பர்ஃபிரண்ட் வந்து, வட்டப்பாதையில் ஐந்தாவது நிலையத்தில் இறங்கினால் கெண்ட் ரிட்ஜ். நன்யாங்குக்கோ ஊட்ரம் பார்க்கில் மாறி, தீவின் மறுகோடியில் பூன் லேயோ பயனியரோ போய், அதன்பின் பேருந்தும் ஏறவேண்டும். காலை எட்டரை மணி வகுப்புக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவாள்?

நன்யாங் பொறியாளர்:
பயணம் கடினம் என்பதை மறுக்கவில்லை. வீட்டிலிருந்து தினமும் போய்வருவதாக இருந்தால் நானே நன்யாங்கைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அங்கே 20க்கும் மேற்பட்ட மாணவர் விடுதிகள் உள்ளன. ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் மாணவர்கள் மாலையில் கலைந்துபோவதில்லை. என் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தின்போது இரவு பத்து மணிக்கு ஆய்வகத்தை மூடிவிட்டு ஐந்து நிமிடத்தில் அறைக்கு நடந்தேன். அந்த நான்கு ஆண்டுகளில் நான் கற்றவற்றில் பாதி, விடுதி உணவகத்தில் மூத்த மாணவர்களிடம் கேட்டவை. நான் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: உங்கள் மகளுக்கு இந்தத் துறையில் உறுதி இருக்கிறதா?

பொங்கோல் தாய்:
நேற்றிரவு அவளிடம் அதையேதான் கேட்டேன். மின்கலங்களைப் பற்றி அரை மணிநேரம் நிறுத்தாமல் பேசினாள். துறை மாறமாட்டாள் என்று அவள் அப்பாவும் ஒப்புக்கொண்டார். விடுதி அறை கிடைத்தால் நன்யாங், கிடைக்காவிட்டால் கெண்ட் ரிட்ஜ் என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம். விடுதி விண்ணப்பத்தை இன்று அவளே நிரப்புகிறாள்.