குட்டி போடும் நாள் நெருங்கினால் குணம் மாறும் குதிரைகள்: உங்கள் வீட்டில் எப்படி?

காங்கேயம்

எங்கள் தோட்டத்தில் இரண்டு பெண்குதிரைகள். மூத்தது நாட்டுக்குதிரை. இளையது அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கி வந்த கத்தியவார் இனக் குதிரை. போன தை மாதம் இரண்டுமே நிறைசினை. மூத்தது முந்திக்கொண்டு குட்டி போட்டது. அதற்கப்புறம் இளையது நடந்துகொண்ட விதத்தை வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இளையது யார் வம்புக்கும் போகாத குதிரை. மூத்தது குட்டி போட்ட மறுநாளே தீனியை விட்டுவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டது. குட்டி இந்தப் பக்கம் நடந்தால் இதுவும் இந்தப் பக்கம் நடக்கும். தாய்க்குதிரை குட்டியைக் கூப்பிடுமே, வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில், அதே மாதிரி மெல்லக் கனைக்கும். கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) ஒன்றாக மேய விட்டபோது நேராகப் போய்த் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நுழைந்துவிட்டது. காதைப் பின்னுக்கு ஒட்டவைத்து, தாய்க்குப் பின்னங்காலைக் காட்டி நின்றது. குட்டியை மட்டும் முகர்ந்து முகர்ந்து நக்கியது. பிறந்து ஒரு நாளான குட்டிக்கு எது யார் மடி என்றா தெரியும்? இதன் மடியில் வாய் வைத்தது. இதுவும் காலை அகட்டிக் கொடுத்தது.

"பாவம், ஆசையா இருக்குது, உடுங்க" என்றார் அம்மா. அப்பா கேட்கவில்லை, உடனே பிரித்துக் கட்டச் சொன்னார். அப்பா செய்ததுதான் சரி. நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகக் குதிரைக்குட்டிக்கு வருவதில்லை. பிறந்தபின் குடிக்கிற சீம்பாலில்தான் எல்லாம் இருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் சக்தியும் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும், 24 மணி நேரத்தில் போய்விடும். இளையதன் சீம்பாலை மூத்ததன் குட்டி முன்கூட்டியே குடித்துத் தீர்த்துவிட்டால் சொந்தக் குட்டிக்கு என்ன மிஞ்சும்? இரண்டு குதிரைகளும் மல்லுக்கட்டினால் நடுவில் மிதிபடுவதும் குட்டிதான்.

கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம், குட்டி கண்ணில் படாத இடத்தில் கட்டினோம். கத்திக் கத்தி ஓய்ந்தது. அந்த வாரமே அதுவும் குட்டி போட்டது. தன் குட்டியை நக்க ஆரம்பித்த நிமிடத்தோடு மூத்ததன் குட்டி யாரோ எவரோ ஆகிவிட்டது. கிட்ட வந்தால் விரட்டுகிறது!

உங்கள் குதிரைகள் ஏதாவது இப்படிச் செய்திருக்கின்றனவா?

தாராபுரம்

எங்களுடையது நேரெதிர். அப்பாவைத் தவிர யார் போனாலும் கடிக்க வரும் குதிரை. கடைசி வாரத்தில், லத்தி அள்ளப் போன என் தங்கையின் பின்னாலேயே போய் அவள் தோளில் தாடையை வைத்து நின்றது. தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. குட்டி விழுந்த அன்றைக்கே பழைய குணம் திரும்பிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு அது தலைச்சினை. மடி பெரிதாக இறங்கவில்லை, காம்பில் சீம்பால் உறைந்து மெழுகு போலக் கட்டவும் இல்லை. இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். விடியற்காலம் பார்த்தால் குட்டி எழுந்து நிற்கிறது. முன்பே தெரிந்த ஒரே அடையாளம் அந்தக் குணமாற்றம்தான்.

அந்தியூர்

எங்கள் அப்பாரு காலத்திலிருந்து குதிரை கட்டுகிறோம். சினை கிட்டத்தட்ட 11 மாதம், 340 நாள் என்பது சராசரிக் கணக்கு. 320-லும் போடும், 360-ஐத் தாண்டியும் இழுக்கும். அதனால் நாளை மட்டும் நம்ப முடியாது. மடி இரண்டு முதல் ஆறு வாரம் முன்னாலேயே பெருக்கத் தொடங்கும். வாலடிச் சதை தளர்ந்து குழி விழும். காம்பு நுனியில் மெழுகு கட்டினால் பெரும்பாலும் ஓரிரு நாள்தான். தாராபுரத்துத் தம்பி சொன்ன மாதிரி சிலதுக்கு மெழுகே கட்டாது.

நான் அதிகமாகப் பார்த்தது, குதிரை ஆளில்லாத நேரத்துக்குக் காத்திருப்பதை. பெரும்பாலும் ராத்திரியில்தான் போடும். ஆள் நடமாட்டம் இருந்தால் அடக்கி வைத்துக்கொள்ளும். கட்டுத்தரையில் உட்கார்ந்திருந்தவர் டீ குடிக்கப் போய்வந்த நேரத்தில் குட்டி விழுந்த கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். அதனால் நாங்கள் விளக்கைப் போடாமல் தள்ளிக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வோம். காது மட்டும் அங்கேயே இருக்கும்.

வலி கண்டதும் நடந்துகொண்டே இருக்கும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். முழங்கைக்குப் பின்னால் வேர்க்கும். கொஞ்சங்கொஞ்சமாக லத்தி போடும், படுக்கும், எழும். வயிற்றுச் சூலைக்கும் இதேதான் அடையாளம், அதுதான் சங்கடம். பிரசவ வலியென்றால் நடுநடுவே ஓய்ந்து ஒரு வாய் சோளத்தட்டைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சூலை கண்ட குதிரை பெரும்பாலும் தீனிப் பக்கம் திரும்பாது. ஆனாலும் இதை வைத்து நாமே முடிவு கட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவதே நல்லது.

நாமக்கல்

எங்கள் குதிரைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே பால் சொட்ட ஆரம்பித்தது. நல்ல பால்வளம் என்று அக்கம்பக்கத்தார் சந்தோஷப்பட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடியில் நோய்த்தொற்று இருந்தால் இப்படி வரும் என்று மருந்து கொடுத்தார். பிரசவத்தின்போது என்ன நடக்கலாம் என்பதையும் அப்போதே சொல்லி வைத்தார். அது பெரிய உதவி.

வலி வந்த ராத்திரி, முதலில் தெரிய வேண்டிய வெளுத்த பைக்குப் பதிலாகச் சிவப்பாக, சொரசொரப்பாக ஒரு பை பிதுங்கியது. நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். குட்டிக்கு மூச்சுக்காற்று நின்றுபோகும், டாக்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அவர் போனில் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் அந்தப் பையைக் கத்தரித்துக் கிழித்தார். உள்ளே முன்னங்கால் இரண்டும், அதன்மேல் மூக்கும் இருந்தன. வலியோடு சேர்த்து இழுத்தோம். குட்டி தும்மியபோதுதான் எனக்கு உயிரே வந்தது. சீம்பால் முன்பே சொட்டி வீணாகியிருந்ததால், அன்றைக்கே குட்டி போட்ட பக்கத்துத் தோட்டத்துக் குதிரையிடம் கறந்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது காட்டில் துள்ளிக்கொண்டு திரிகிறது.

காலத்துக்கு முன்னால் பால் சொட்டினால் தயவுசெய்து சும்மா இருந்துவிடாதீர்கள்.

பெருந்துறை

எங்கள் குதிரைக்கு இன்றோடு 338 நாள். மடி இறுகி நிற்கிறது. மத்தியானத்திலிருந்து வாலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, கொள்ளை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. மற்ற குதிரைகளை விட்டு விலகி மூலையில் நிற்கிறது. இன்றைக்கு இருக்குமா?

அந்தியூர்

இருக்கலாமுங்க. கொள்ளுக்கே முகம் திருப்புகிறதென்றால் ராத்திரி தூங்க வேண்டாம். வாலைச் சுத்தமான துணி சுற்றிக் கட்டிவிடுங்கள். தரையில் வைக்கோல் தாராளமாகப் போடுங்கள். நாயையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். டாக்டரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பனிக்குடம் உடைந்தால் அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். 10 நிமிடமாகியும் கால் தெரியவில்லையென்றால் போன் போட்டுவிடுங்கள். பிறந்த குட்டி 1 மணி நேரத்தில் நிற்கணும், 2 மணி நேரத்தில் பால் குடிக்கணும், 3 மணி நேரத்தில் தாய் நஞ்சுக்கொடி போடணும். மாட்டுக்குக் காத்திருப்பது போலக் குதிரைக்குக் காத்திருக்க முடியாது. கொடி உள்ளே தங்கினால் விஷமேறிக் குளம்பு வரைக்கும் பாதிக்கும். கையால் இழுக்கவும் கூடாது, டாக்டர்தான் எடுக்க வேண்டும். விழுந்த கொடியைப் புதைத்துவிடாமல் வாளியில் போட்டு வையுங்கள். முழுசாக வந்துவிட்டதா என்று அவர் விரித்துப் பார்ப்பார்.

காலையில் எழுதுங்கள்.