ஒரே பெயர், வேறு வண்டி: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சின்னக் கார் ஓட்டியவர்கள் எழுதுங்கள்

நெக்கார்க்கரை:

மிச்சிகனில் ஆறு வருஷம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஓட்டினேன். 'எஸ்' ட்ரிம் (ஒரே மாடலுக்குள் வசதிகளைப் பொறுத்து வைக்கிற வகைப்பெயர்), அதாவது அங்கே பேஸ் மாடல். ஸ்டுட்கார்ட்டுக்கு மாற்றல் வந்ததும் அதே கோல்ஃப், அதே 2018 மாடல், பழைய வண்டியாகத் தேடிப் பிடித்து வாங்கினேன். இங்கே அதன் பெயர் 'ட்ரெண்ட்லைன்'. பழகின வண்டிதானே என்று ஒரு சுற்று மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் மாதம், சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டு. எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தள பார்க்கிங். ரிவர்ஸ் போட்டேன், கண் தானாகத் திரைக்குப் போயிற்று. திரையில் ரேடியோ நிலையத்தின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. படம் இதோ வரும், இதோ வரும் என்று பார்த்துக்கொண்டே க்ளட்சை விட்டிருக்கிறேன். வண்டி நகர்ந்தது. டிக்கியின் மேல் இரண்டு தட்டு, டப், டப்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் மாடியில் இருக்கிற வயதான அம்மா. ஒரு கை சக்கரம் வைத்த நடைவண்டியில், இன்னொரு கை என் டிக்கியின் மேல், கையுறையோடு. நடைவண்டிக் கூடையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். வண்டிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க, பரவாயில்லை என்று தலையை ஆட்டிவிட்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டார். அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து எல்லாப் புதுக் காருக்கும் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். எவ்வளவு மட்டமான ட்ரிம்மிலும் இருக்கும். ஐரோப்பாவில் அப்போது அப்படிச் சட்டம் கிடையாது, காசு கொடுத்துக் கேட்டவர்களுக்குத்தான். கேமராவோ சென்சாரோ ஏதாவது ஒன்று இருக்கவேண்டும் என்று இங்கே எல்லாப் புது வண்டிக்கும் வந்தது 2024 ஜூலையில். அதனால் இடைப்பட்ட வருஷத்து வண்டிகளைப் பழையதாக வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

வடக்குக்காற்று:

நாங்கள் இருக்கிறது பிரான்ஸின் வடக்கில். வலென்சியனுக்குப் பக்கத்தில்தான் டொயோட்டா யாரிஸ் செய்கிற தொழிற்சாலை. என்னுடைய யாரிஸ் அங்கே செய்தது, ஹைப்ரிட். தங்கச்சி நியூ ஜெர்சியில். அவளிடமும் யாரிஸ்தான், 2015-ஆம் ஆண்டு மாடல், 'எல்ஈ' ட்ரிம்.

போன கோடைக்கு அவளிடம் போனபோது கண்ணாடிக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்னத் தகட்டைக் குனிந்து பார்த்தேன். சேஸி நம்பர் 'விஎன்கே' என்று தொடங்கியது. என் வண்டியிலும் அதே மூன்று எழுத்து. பிரான்ஸில் செய்த டொயோட்டாவுக்கு உரிய எழுத்துகள். "என்னக்கா அப்பிடிப் பாக்கிறியள்?" என்று கேட்டாள். "உன்ர காரும் எங்கட ஊர்ப் பிள்ளையடி" என்றேன். 2013-இலிருந்து அந்தத் தொழிற்சாலையிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கப்பலில் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேரைப் போலவே ஒரே வீட்டில் பிறந்து கடல் தாண்டிப் போன பொருள் என்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த நாள் பென்சில்வேனியாப் பக்கம், பொக்கோனோ மலைக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். ஏற்றம் வந்ததும் இன்ஜின் ஒரே கத்தல். மிதித்தால் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. என்ன இது, கியர் மாறவில்லையே என்றேன். மொத்தமே நாலு கியர்தான் என்றாள் தங்கச்சி. 1.5 லிட்டர் பெட்ரோல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். வேண்டாமென்றால் ஐந்து கியர் மேனுவல். எங்களுக்கு 2012-இலிருந்தே ஹைப்ரிட், அதோடு சின்னப் பெட்ரோல், டீசல் எல்லாம் இருந்தன. அந்த ஹைப்ரிட் யாரிஸை அமெரிக்காவில் விற்கவே இல்லை. ஒரே கூரைக்குக் கீழே பூட்டிய இரண்டு வண்டிக்கு இவ்வளவு வித்தியாசமா என்று அந்த ஏற்றம் முழுக்க எனக்கு மனம் ஆறவில்லை.

பனிமூட்டம்99:

நெக்கார்க்கரை சொல்வதில் பாதிதான் நியாயம். கேமராவை மட்டும் வைத்து அமெரிக்க பேஸ் மாடல் உசத்தி, ஐரோப்பிய பேஸ் மாடல் மட்டம் என்று ஆகிவிடக்கூடாது. நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவன். ஸ்வீடனில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஓட்டிவிட்டு (அமெரிக்காவில் அந்தக் கார் விற்பனையே இல்லை) கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவுக்கு வந்தேன்.

ஜனவரியில் அங்கே வயல்வெளியிலிருந்து ஒரு மூடுபனி எழும்பும், 'டூலி ஃபாக்' என்பார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும். 99-ஆம் நெடுஞ்சாலையில் அதிகாலையில் மாட்டிக்கொண்டேன், வாடகை வண்டி. முன்னால் போகிற லாரி இருபதடியில் காணாமல் போகிறது. என் கை பழக்கத்தில் விளக்குத் திருகைப் பிடித்து வெளியே இழுத்தது, பின்பக்க ஃபாக் விளக்கைப் போட. திருகு வரவில்லை. மறுபடி இழுத்தேன். வரவில்லை. அப்படி ஒரு விளக்கே அந்த வண்டியில் இல்லை. பின்னால் ஒரு லாரியின் வெளிச்சம் மட்டும் மங்கலாகப் பெரிதாகிக்கொண்டே வந்ததைக் கண்ணாடியில் பார்த்தபடி, ஹசார்டைப் போட்டுக்கொண்டு அடுத்த எக்ஸிட்டில் இறங்கிவிட்டேன். கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஐரோப்பாவில் பின்பக்க ஃபாக் விளக்கு இல்லாமல் ஒரு காரை விற்கவே முடியாது, எவ்வளவு மலிவான வேரியன்டாக இருந்தாலும். பாரம் ஏற்றினால் முன்விளக்கைத் தாழ்த்துகிற சின்னச் சக்கரம், இல்லையென்றால் தானாகத் தாழ்த்துகிற ஏற்பாடு, அதுவும் அப்படித்தான். பக்கவாட்டு இண்டிகேட்டரும் அப்படித்தான். பின் இண்டிகேட்டர் கட்டாயம் ஆரஞ்சு. அமெரிக்காவில் அது சிவப்பாகவும் இருக்கலாம் என்பது சட்டம். பிரேக் அடிக்கிறானா, திரும்புகிறானா என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது, நெரிசலில் அந்த ஒரு நொடி பெரிது. டிரைவர் பக்கக் கண்ணாடி அமெரிக்காவில் தட்டையாகத்தான் இருக்கவேண்டும், ஐரோப்பாவில் வளைவாக இருக்கலாம். பக்கத்து லேனில் வருகிறவன் எந்தக் கண்ணாடியில் சீக்கிரம் தெரிவான் என்று இரண்டையும் ஓட்டியவர்களே சொல்லட்டும். இதெல்லாம் திரையில் வராது, விற்பவரும் சொல்லமாட்டார்.

பழைய சர்வேயர்:

என் அனுபவம் சின்னது. ஹாம்பர்க்கில் ஒரு நண்பருக்கு ஒரு ஃபோக்ஸ்வாகனை மேல் ட்ரிம்மான 'ஹைலைன்' என்று சொல்லி விற்றார்கள், சீட்டைத் தொட்டதுமே அதற்குக் கீழே இருக்கிற 'கம்ஃபர்ட்லைன்' என்று நான் சொல்லிவிட்டேன். பின்னால் ஒட்டியிருந்த எழுத்தை யாரோ கழற்றியிருந்தார்கள்.

அதைவிட முக்கியம், வாங்குகிறவர்கள் செய்யவேண்டியது. வருஷக்கணக்கில் வண்டி பார்த்தவன், அதனால் சொல்கிறேன். ட்ரிம் பெயரை நம்பவே நம்பாதீர்கள். கோல்ஃப், போலோ வகை வண்டி என்றால் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் பாருங்கள். ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் மூன்று மூன்று எழுத்தாகக் குறியீடுகள் வரிசையாக இருக்கும், 'பிஆர்' குறியீடு என்பார்கள். தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பூட்டி வந்தது என்பது அவ்வளவும் அதில் இருக்கிறது. அது கிழிந்துபோயிருந்தால் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கங்களில் இன்னொன்று இருக்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து பொறுமையாகப் படிக்கலாம்.

அமெரிக்காவில் புது வண்டி என்றால் ஜன்னலில் ஒட்டிய தாளைப் படியுங்கள். 'மன்ரோனி ஸ்டிக்கர்' என்று பெயர். 1958-இல் ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டம். வண்டியோடு வருவது என்ன, கூடுதலாகப் பூட்டியது என்ன, ஒவ்வொன்றும் என்ன விலை, கொண்டுவந்து சேர்க்கிற கூலி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். வாங்குகிறவர் கைக்கு வண்டி போகும்முன் அதைக் கிழிப்பது குற்றம். பழைய வண்டி வாங்கும்போதும், முதல் சொந்தக்காரர் அந்தத் தாளை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், பல பேர் கையுறைப் பெட்டியிலேயே மடித்து வைத்திருப்பார்கள். இரண்டு ஊர் விலையை ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று: ஜெர்மனியில் போட்டிருக்கும் விலையில் 19 சதவீத வரி உள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவில் போட்டிருப்பது வரிக்கு முந்தைய விலை, மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும். வரியையும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் அங்கே மலிவு, இங்கே கொள்ளை என்று பேசவேண்டாம். அப்புறம், ஜெர்மனியில் பழைய வண்டி வாங்கினால் முதலுதவிப் பெட்டி, முக்கோணம், ஒளிரும் சட்டை மூன்றும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் கட்டாயம்.

மறைமலைநகர்க்காரன்:

விளக்குப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நம் ஊர் மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 2018 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்றது. அதற்கு முன்னால் ஐரோப்பாவுக்கும் இங்கிருந்தே போய்க்கொண்டிருந்தது, 2017-இல் அந்த வேலை ருமேனியாவுக்குப் போயிற்று. நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருந்தேன். அமெரிக்க வண்டிக்கு 'எஸ், எஸ்ஈ, எஸ்ஈஎஸ், டைட்டானியம்' என்று நாலு பெயர். ஐரோப்பாவில் 'ட்ரெண்ட்', 'டைட்டானியம்', 'எஸ்டி-லைன்'. டைட்டானியம் என்ற ஒரு பெயர்தான் இரண்டு கரையிலும் பொது. அதற்குள் இருக்கிற விளக்கு பொது இல்லை.

நம் ஊர் ஈக்கோஸ்போர்ட் என்றாலே பின் கதவில் தொங்குகிற ஸ்டெப்னிதான் அடையாளம். அமெரிக்க வண்டியில் அது கிடையாது. 2019-இல் ஒஹாயோவில் மச்சான் வீட்டுக்குப் போனபோது ஒரு கடை வாசலில் சாம்பல் நிற ஈக்கோஸ்போர்ட் நின்றது. முதுகு வெறுமையாக இருந்ததால் முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கதவுத் தூணில் ஒட்டிய தகட்டைக் குனிந்து படித்தேன். இந்தியாவில் செய்தது என்று இருந்தது. சொந்தக்கார அம்மா சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இது எங்கள் ஊரில் செய்தது என்றேன். அவர் ஆச்சரியப்பட்டு, நல்ல வண்டி, பனியிலும் நன்றாகப் போகிறது என்று சொல்லிக் கை குலுக்கினார். 2021 செப்டம்பரில் ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கை குலுக்கல்தான்.

மினியாபொலிஸ் மல்லி:

நீங்கள் எல்லாரும் சட்டத்தைப் பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது விற்கிற முறை. அம்மா மதுரையிலிருந்து ஜனவரியில் வருவதாக இருந்தார், இடுப்பு வலிக்காரர். மினசோட்டாக் குளிரைச் சொல்லவேண்டாம். சின்னக் கார், சீட் ஹீட்டர் மட்டும் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று கடைக்குப் போனேன். "அது மேல் ட்ரிம்மில்தான் வரும்" என்றார் விற்பனையாளர். மேல் ட்ரிம்மில் சன்ரூஃப், அலாய் வீல், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து வந்தன. தனியாகத் தரமுடியாதா என்று இரண்டு தடவை கேட்டேன். வாசலில் நிற்கிற வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார்.

அதே மாதம் மியூனிக்கில் அண்ணன் வண்டி ஆர்டர் கொடுத்தான். பேஸ் மாடல், மேனுவல் கியர், பின் ஜன்னல் கையால் சுற்றுவது. அதில் சீட் ஹீட்டருக்கு மட்டும் ஒரு டிக் போட்டான். நாலு மாதம் காத்திருந்தான், கேட்டது மட்டும் வந்தது. அங்கே கேட்டுச் செய்து வாங்குகிற பழக்கம், இங்கே நிற்பதை எடுத்துக்கொண்டு அன்றே ஓட்டிப்போகிற பழக்கம். கடைக்காரர் நூறு வகை வைத்திருக்க முடியாது என்பது புரிகிறது. ஆனாலும் வேண்டாத சன்ரூஃபுக்கு நான் அவ்வளவு கொடுத்தது இன்றுவரை ஆறவில்லை.

அம்மா வந்த அன்று விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். ஐந்து நிமிஷம் கழித்து, "என்னடி, உலை மாதிரி இதமா இருக்கு" என்று உள்ளங்கையைச் சீட்டில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

நெக்கார்க்கரை:

பனிமூட்டம், நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். மிச்சிகன் வண்டியில் அந்த முன்விளக்குச் சக்கரம் இல்லை என்பதையே நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை. இங்கே அது திருகுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சர்வேயர் ஐயா, நேற்றிரவு டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். காகிதம் இருக்கிறது, ஆனால் ஈரத்தில் ஊறி இடது பாதி உரிந்துவிட்டது. சர்வீஸ் புத்தகத்தில் இருப்பது முழுசாக இருக்கிறது. அறுபது எழுபது குறியீடு இருக்கும்போல. போட்டோவைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், கேமராவுக்கு வயர் ஏதாவது ஏற்கெனவே ஓடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமையே வெளியில் பூட்டக் கொடுத்துவிடுகிறேன்.

பழைய சர்வேயர்:

போட்டோ மங்கல். பகல் வெளிச்சத்தில், பக்கத்தைத் தட்டையாக வைத்து மறுபடி எடுத்து அனுப்புங்கள்.