ஒரே அடுப்பில் மூவருக்கான வாரச் சமையல் திட்டம்: ஆலோசனை தேவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 68 வயதான அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளன, அம்மாவுக்கு இரத்தசோகை, கல்லூரிக்குச் செல்லும் தங்கையோ எடை கூட வேண்டியவள். காலையில் மூன்று விதமாகச் சமைத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்புவது என்னால் இயலவில்லை என்பதால், பொதுவான ஒரு சமையலிலிருந்தே ஒவ்வொருவரின் தட்டையும் மாற்றியமைக்கும் வாரத் திட்டமொன்றைத் தேடுகிறேன்.

அப்பாவுக்குச் சோற்றைக் குறைத்து, அவரைக்காய்ப் பொரியலையும் சுண்டலையும் கூட்டியிருக்கிறேன். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை ஒட்டி அப்பளத்தையும் ஊறுகாயையும் நிறுத்தினேன் (அன்று வீட்டில் மூண்ட போரை விவரிக்கத் தேவையில்லை). அம்மாவுக்கு முருங்கைக்கீரையுடன் நெல்லிக்காய் தருகிறேன். ஆனால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும் என்று எடுத்துச் சொல்லியும், சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தும் வழக்கத்தை அவர் விடவில்லை.

பெரிய சிக்கல் இரவு உணவில்தான். இட்லி, தோசை தவிர வேறெதையும் அப்பா ஏற்பதில்லை; கேழ்வரகு அடையை இருமுறை ஒதுக்கிவிட்டார். அரிசிக்குப் பதிலாகச் சாமை சேர்த்து மாவரைப்பவர்கள் உளுந்தை எந்த விகிதத்தில் சேர்க்கிறீர்கள்? உணவுக்கு 2 மணி நேரத்துக்குப் பின் பார்க்கும் சர்க்கரை அளவில் மாற்றம் தெரிந்ததா? மருந்துகளை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார்; உங்கள் அடுக்களை அனுபவத்தை மட்டும் தெரிவித்தால் போதும்.