ஒட்டு விட்டுப்போன அனுபவம் - ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வேலை பாக்குறவங்க சொல்லுங்க

பாகலூர்ரோடு பிரஸ்காரன்:
எட்டு வருசம் ஆச்சு, இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். ஓசூர்ல ஒரு ரப்பர் கம்பெனில நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் நான். வண்டி சஸ்பென்ஷன்ல வர்ற புஷ், உள்ள இரும்புக் குழாய், அதான் ஸ்லீவு, வெளிய ரப்பர், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஸ்லீவு மேல இரும்புக் குண்டு தெறிக்க விட்டு சுத்தம் பண்ணி (ஷாட் பிளாஸ்ட்), கிரே பிரைமர், மேல ரப்பர ஒட்ட வெக்குற கறுப்பு கோட்டு போட்டு ட்ரேல வரும், நாம மோல்டுல சொருகி ரப்பர் வெச்சு மூடணும். அன்னிக்கு ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், 16 ஸ்லீவும் சொருகியாச்சு, ரப்பர் வெக்க கைய நீட்டுறேன், கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர் எடுக்கல, ஆளு ஓடி டீசல் ஊத்தி ஸ்டார்ட் பண்றதுக்குள்ள ஏழெட்டு நிமிசம் போயிருக்கும். ஹீட்டர் ஆஃப் ஆனா மோல்டு உடனே ஆறிடுமா, 160 டிகிரில இருந்த இரும்பு, அதுல அந்த ஸ்லீவு மேல இருந்த கறுப்பு கோட்டு ரப்பர் வர்றதுக்கு முன்னாடியே வெந்து முடிஞ்சிருச்சு. எனக்கு அது தெரியும். ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்திருந்தாங்க. ஆனா 16 ஸ்லீவ வெளிய எடுத்தா ஸ்கிராப் எழுதணும், சூப்பர்வைசர் கேப்பாரு, அந்த பயத்துல அப்படியே ரப்பர் வெச்சு மூடிட்டேன்.

வெளிய வந்த பீஸ் பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. காலைல கியூசி அண்ணா, தரம் பாக்குறவரு, லாட்டுல இருந்து ஒண்ணு எடுத்து வைஸ்ல மாட்டி, ரப்பர் ஓரத்த பிளையர்ல புடிச்சு இழுத்தாரு. நுங்கு மேல தோலு உரிஞ்சு வர்ற மாதிரி முழுசா வந்துச்சு, கிழியவே இல்ல. உள்ள ஸ்லீவுல கறுப்பு கோட்டு அப்படியே மினுமினுன்னு, ஒரு துளி ரப்பர் கூட ஒட்டல. அவரு ஒண்ணும் பேசல, அந்த ஸ்லீவ லைட்டுல திருப்பித் திருப்பி பாத்தாரு. அந்த ராத்திரி ஓடின லாட்டு முழுக்க வெளிய அனுப்பாம ஹோல்டு. நான் அரை மணி நேரம் வாயத் திறக்காம நின்னு, அப்புறம்தான் போய் சொன்னேன். அந்த பீஸ் அவரு கையில சிக்காம வண்டில ஏறியிருந்தா?

பர்கூர் ஸ்லாப்:
அண்ணா உங்க கதைய படிச்சதும் எங்க ஃபேக்டரி மார்கழி மாசம்தான் ஞாபகம் வந்துச்சு. கிரானைட் ஸ்லாப்புக்கு முதுகுல ஃபைபர் வலை வெச்சு எபாக்சி ரெசின் தடவுவோம் இல்லையா, அதுக்கு முன்னாடி கல்ல ஓவன்ல ஓட்டி உள்ள இருக்குற தண்ணிய எடுக்கணும். அறுக்குறப்ப ஊத்தின தண்ணி கல்லு உள்ள மெல்லிசு வெடிப்புல எல்லாம் நிக்கும், மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் தெரியும். ஆர்டர் அவசரம், ஓவன்ல கியூ, மேஸ்திரி "வெயில்ல நிக்குது இல்ல, போதும், ரெசின் போடு"ன்னு சொல்லிட்டாரு. மார்கழி வெயில்ல எங்க காயும்? ரெசினும் குளிர்ல தேன் மாதிரி கெட்டியா, பரவவே மாட்டேங்குது. பெங்களூருல சைட்ல இறக்குறப்ப நானும் லாரில போயிருந்தேன். ரெண்டு பேரு ஓரத்துல புடிச்சு நிமித்தினாங்க, வலை மட்டும் பாய் சுருட்டுற மாதிரி கழண்டு வந்துச்சு, கல்லு நடுவுல ரெண்டா போச்சு. ஒருத்தர் கால் பக்கத்துல விழுந்துச்சு, ஒரு ஜான் தூரம்தான். வலை உரிஞ்ச எடத்துல உள்ளங்கை அளவு திட்டு திட்டா கல்லு கறுத்து இருந்துச்சு, தொட்டுப் பாத்தேன், அப்பவும் சில்லுன்னு ஈரம். அந்த சில்லு இன்னும் என் விரல்ல இருக்கு.

கியூசி 12 வருசம்:
பிரஸ்காரரே, எல்லாத்தையும் கரண்ட் மேல போடாதீங்க. நானும் ரப்பர் பாண்டிங் லைன்தான். உரிச்சுப் பாக்குறப்ப எங்க விட்டுச்சுன்னுதான் மொதல்ல பாக்கணும். ரப்பரே கிழிஞ்சு இரும்புல ஒட்டிக்கிட்டு நின்னா அது ஆர், நல்ல பாண்டு. ரப்பருக்கும் கறுப்பு கோட்டுக்கும் நடுவுல விட்டா ஆர்சி. கோட்டுக்கும் பிரைமருக்கும் நடுவுலன்னா சிபி. வெறும் இரும்பு தெரிஞ்சா எம். ரப்பர்-இரும்பு ஒட்ட சோதிக்குற ஏஎஸ்டிஎம் டி429 ஸ்டாண்டர்டுல இப்படித்தான் பிரிச்சிருக்கு. உங்களுது ஆர்சி, சரி, ஆனா ஆர்சி வர்றதுக்கு கோட்டு முன்னாடியே வேகுறது ஒண்ணுதான் காரணமா? ரப்பர் காம்பவுண்டு ஸ்டோர்ல பழசாகி பாதி வெந்திருந்தாலும் வரும், மோல்டுக்கு சிலிகான் ஸ்பிரே அடிக்குறப்ப அது பறந்து ஸ்லீவு மேல படிஞ்சாலும் வரும், டின்ன நல்லா கலக்காம மேல இருக்குறத மட்டும் எடுத்து அடிச்சாலும் வரும். அடியில சரக்கு செட்டில் ஆகி நிக்கும், கம்பிய விட்டு சுரண்டினா தெரியும். தயவுசெஞ்சு எல்லாரும் ஷிஃப்ட் ஆரம்பத்துல அடி தெரியுற வரைக்கும் கலக்குங்க. ஷாட் பிளாஸ்ட் அடிச்சத அந்த ஷிஃப்ட்லயே பெயிண்ட் பண்ணுங்க, மழை நாளுல நாளைக்குன்னு வெச்சா கண்ணுக்குத் தெரியாத துரு வந்துடும். கழுவின ஸ்லீவு மேல தண்ணி ஊத்திப் பாருங்க, விரிஞ்சு ஓடினா சுத்தம், முத்து முத்தா நின்னா எண்ணெய் இருக்கு. எங்க இடத்துல ஒரு தடவ கம்ப்ரஸர் லைன்ல எண்ணெய் கலந்து வந்து 200 பீஸ் வெறும் இரும்பா உரிஞ்சுச்சு, அதுக்கப்புறம் தினமும் காலைல ஃபில்டர நானே திறந்து விடுறேன்.

பர்கூர் தம்பி, குளிர் நாளுல ரெசின் சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனர கூட ஊத்துறாங்க பாருங்க, அது ரொம்ப தப்பு. சொன்ன அளவுக்கு மேல ஊத்தினா அந்த மிச்சம் எதோடவும் சேராம உள்ளயே நிக்கும், ஒட்டு சப்புன்னு போயிடும். தராசுல எடை போட்டுத்தான் கலக்கணும், டப்பா கணக்குல கூடாது. குளிர்ல ஈரக்காத்துல வெச்சா மேல பிசுபிசுன்னு ஒரு ஏடு கட்டும், அத வெந்நீர் வெச்சு கழுவாம அடுத்த கோட்டு போட்டா அதுவும் உரியும்.

பாலக்கோடு தச்சன்:
எனக்கு பெரிய மிஷின் எல்லாம் இல்ல. சன்மைகா ஒட்டுற மஞ்சப் பசை, ரெண்டு பக்கமும் தடவி காய வெச்சுத்தான் சேக்கணும். ஐப்பசி அடை மழை, மறுநாள் கிரகப்பிரவேசம், கிச்சன் கதவு பத்து பன்னெண்டு. புறங்கை வெச்சா ஒட்டல, காஞ்சிடுச்சுன்னு சேத்து ரோலர் போட்டேன். பசை காயுறப்ப மேல் பக்கம் சில்லுன்னு ஆகுது, மழைக்காத்து அதுல வேர்வை மாதிரி படிஞ்சிருக்கு, பசை லேசா வெளுத்துச்சு, நான் கண்டுக்கல. காலைல அந்த அம்மா பால் காய்ச்சிட்டு இருக்காங்க, அடுப்பு பக்கத்து கதவு ஓரம் அப்பளம் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. சொந்தக்காரங்க எல்லாம் பாக்குறாங்க. ஒரு வார்த்த கூட திட்டல அவங்க, அதுதான் தாங்க முடியல. அடுத்த வாரம் பன்னெண்டையும் கழட்டி காசு வாங்காம மாத்திக் குடுத்தேன்.

பென்னாகரம் வெல்டர்:
7018ங்குற வெல்டிங் ராடு, பாக்கெட் பிரிச்சு நாலு நாளு ஷெட்ல மழையில கிடந்தது. டிராக்டர் டிரெய்லர் கொக்கி, கொஞ்சம் கார்பன் கூடின இரும்பு, அத சூடும் பண்ணாம வெல்டு அடிச்சேன். பீடு அருமையா வந்துச்சு. ராத்திரி ஷெட்லயே படுத்திருந்தேன், இருட்டுல "டிக்"னு ஒரு சத்தம். பல்லின்னு நினச்சேன். காலைல பாத்தா வெல்டு ஓரத்துல தலமுடி கணக்கா ஒரு கோடு. ஈரத்துல இருந்து வர்ற ஹைட்ரஜன் வெல்டுல புகுந்துச்சுன்னா உடனே ஒண்ணும் காட்டாது, ஒரு நாளு ரெண்டு நாளு கழிச்சு கூட வெடிக்கும். அந்த கொக்கில கரும்பு லோடு ஏத்தி அனுப்ப இருந்தேன். இப்ப ராட 300 டிகிரிக்கு மேல ஓவன்ல வேக வெக்காம தொடுறதில்ல.

பாகலூர்ரோடு பிரஸ்காரன்:
கியூசி சார், நீங்க சொன்ன காரணம் எல்லாம் நிஜம்தான், ஆனா அதே டின்னு, அதே காம்பவுண்டு, கரண்ட் போறதுக்கு முன்னாடி ஓடின பீஸ எல்லாம் மறுநாள் உரிச்சுப் பாத்தோம், ஒண்ணு விடாம ரப்பர் கிழிஞ்சு இரும்புல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த 16 மட்டும்தான் மொட்டையா வந்துச்சு. அதனால அது என் கையில நடந்ததுதான், வேற எதுலயும் போட மாட்டேன். இப்ப நான் வேற இடத்துல ஷிஃப்ட் இன்சார்ஜ். கரண்ட் போனா மொத வேலை மோல்டுல இருக்குற ஸ்லீவ வெளிய எடுத்து சிவப்பு ட்ரேல போடுறது, அப்புறம்தான் ஜெனரேட்டர். ஸ்கிராப் எத்தன எழுதினாலும் பசங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன், மேல இருந்து கேட்டா நான் போய் நிக்குறேன். பர்கூர் தம்பி, அந்த கல்லு விழுந்தப்ப பக்கத்துல இருந்தவரு நல்லா இருக்காரா? அந்த ஃபேக்டரில இப்பவாவது எல்லா ஸ்லாப்பும் ஓவன் வழியா போகுதா?