8,400 ஃபாலோயர் இருக்கு, ரீல்ஸுக்கு 180 வியூஸ்தான் வருது. அவசரம்

ஆற்காடு_ஸ்வீட்:
வணக்கம். இன்ஸ்டாவுல 8,400 பேர் இருக்காங்க. என்ன போட்டாலும் 180, 200க்கு மேல போக மாட்டேங்குது. ஆடி முடியறதுக்குள்ள 10,000 ஆக்கணும். எந்த செட்டிங்கை மாத்தணும்? சீக்கிரம் சொல்லுங்க.

காட்பாடி_ஜங்ஷன்:
என்ன விக்கிறீங்க? ஆற்காட்டுல மட்டுமா, கூரியர் உண்டா? அக்கவுண்ட் பர்சனலா, கிரியேட்டரா, பிசினஸா? எப்போலேர்ந்து விழுந்துச்சு?

பாலாறு_மணல்:
ஹாஷ்டேக் கம்மியா போட்டிருப்பீங்க. போஸ்ட்டுக்கு 30 போடுங்க, தானா ஏறும்.

கோட்டை_அகழி:
இங்க தேடல் பெட்டினு ஒண்ணு இருக்கு, யாரும் தொடறதில்ல. மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வி. 30 ஹாஷ்டேக் வைத்தியம் எப்பவோ செத்துப்போச்சு. மூணு, அஞ்சு போதும்னு இன்ஸ்டாவே 2021ல சொல்லிடுச்சு. அப்புறம் அது என்ன 10,000 கணக்கு? ஸ்டோரியில லிங்க் வைக்க அந்த எண்ணிக்கை வேணும்ங்கறது பழைய கதை. 2021 அக்டோபர்ல லிங்க் ஸ்டிக்கரை எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க.

ஆற்காடு_ஸ்வீட்:
மக்கன் பேடா. பிசினஸ் அக்கவுண்ட். ரெண்டு மாசமா இப்படி.

இன்னாபா_இது:
பிசினஸ் அக்கவுண்ட்டா? அதான்பா பிரச்னை. சினிமா பாட்டு அதுல வராது, மியூட் ஆயிடும். கிரியேட்டருக்கு மாத்து, எல்லாம் சரியாயிடும்.

காட்பாடி_ஜங்ஷன்:
பிசினஸ் அக்கவுண்ட்டுல பாட்டு லைப்ரரி சின்னதுதான், அது உண்மை. ஆனா கடை விளம்பரத்துக்குச் சினிமா பாட்டு போட உரிமை கிடையாதுங்கறதாலதான் அப்படி வெச்சிருக்காங்க. கிரியேட்டருக்கு மாறி அதே பாட்டைப் போட்டா ஓட்டை வழியா நுழையற மாதிரிதான். எண்ணெய் சட்டியில பேடா பொரியற சத்தமே போதும்.

ஸ்வீட் ஐயா, மூணு இடம் பாருங்க. ஒண்ணு, செட்டிங்ஸ்ல அக்கவுண்ட் ஸ்டேட்டஸ். உங்க பதிவுகளை மத்தவங்களுக்குப் பரிந்துரைக்கலாமா கூடாதானு அதுலயே இருக்கும். ரெண்டு, ஏதாவது ஒரு ரீல்ஸோட இன்சைட்ஸ், அதாவது யார் பார்த்தாங்கங்கற கணக்கு. பார்த்தவங்கள்ல ஃபாலோயர் எத்தனை சதவீதம், வெளியாள் எத்தனை சதவீதம்? மூணு, ஃபாலோயர் இன்சைட்ஸ்ல ஊர் பட்டியல். மூணுக்கும் ஸ்கிரீன்ஷாட் வேணும்.

ஆற்காடு_ஸ்வீட்:
ஸ்டேட்டஸ் பச்சை டிக். ஊர் பட்டியல்ல முதல்ல ஜகார்த்தா, அப்புறம் சாவோ பாலோ. வேலூர் நாலாவது, 3.1%. இது ஏன் இப்படி?

கோட்டை_அகழி:
எத்தனை ஆயிரம் வாங்கினீங்க?

ஆற்காடு_ஸ்வீட்:
6,000 ஃபாலோயர். தெரிஞ்சவர் ஒருத்தர் பேக்கேஜ்னு சொன்னார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

கோட்டை_அகழி:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தா பாதி இழை மிச்சம்.

காட்பாடி_ஜங்ஷன்:
சம்பந்தம் இருக்கு, ஆனா எல்லாரும் நினைக்கற மாதிரி இல்ல. போட்டோவும் ஸ்டோரியும் பெரும்பாலும் ஃபாலோயருக்குத்தான் போகும். 8,400ல 6,000 பேர் ஆளே இல்லைனா, மிச்ச 2,400 பேர்கிட்டதான் போய்ச் சேரணும். ரீல்ஸ் வேற; அதை ஃபாலோ பண்ணாதவங்களுக்கும் தள்ளும். எவ்வளவு நேரம் பார்த்தாங்க, லைக் போட்டாங்களா, இன்னொருத்தருக்கு அனுப்பினாங்களா, இந்த மூணும்தான் முக்கியம்னு இன்ஸ்டா தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில சொன்னார். வெளியாளுக்குப் போய்ச் சேர அனுப்பறதுதான் லைக்கை விட எடை. அதனால ரீல்ஸ் விழுந்ததுக்குப் போலி ஃபாலோயரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. வீடியோவையும் பார்க்கணும்.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அந்த பேக்கேஜ்காரர்கிட்ட பாஸ்வேர்டு கொடுத்தீங்களா?

ஆற்காடு_ஸ்வீட்:
ஆமா.

காட்பாடி_ஜங்ஷன்:
அப்போ மத்ததெல்லாம் அப்புறம். அக்கவுண்ட்ஸ் சென்டர், அதுல பாஸ்வேர்டு அண்டு செக்யூரிட்டி. முதல்ல பாஸ்வேர்டு மாத்துங்க. அடுத்து எங்கெல்லாம் லாகின் ஆகியிருக்குனு பட்டியல் வரும், உங்க போன் தவிர எல்லாத்தையும் வெளியேத்துங்க. டூ ஃபேக்டர் போடுங்க, பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கும்; அந்தக் கோடு எஸ்எம்எஸ்ல வர்றதை விட ஆத்தென்டிகேட்டர் ஆப்ல வர்றது நல்லது. கடைசியா ஆப்ஸ் அண்டு வெப்சைட்ஸ்ல தெரியாத பேர் இருந்தா நீக்குங்க. பாஸ்வேர்டை மட்டும் மாத்திட்டு இதை விட்டுட்டா, கதவைப் பூட்டிட்டு ஜன்னலைத் திறந்து வெச்ச கதை.

பாலாறு_மணல்:
பேசாம புது ஐடி தொடங்கிடலாமே?

ஆற்காடு_ஸ்வீட்:
பாக்ஸ்ல ஐடி அச்சடிச்சாச்சு. 3,000 பாக்ஸ்.

காட்பாடி_ஜங்ஷன்:
வேண்டாம், இதையே சுத்தம் பண்ணுங்க. ஃபாலோயர் பட்டியல்ல பேர் பக்கத்துல ரிமூவ் இருக்கும். படம் இல்லாத, ஒரு போஸ்ட்டும் இல்லாத, 7,000 பேரை ஃபாலோ பண்ற ஐடிதான் குறி. ஒரே மூச்சுல நூத்துக்கணக்குல தட்டினா இன்ஸ்டா தற்காலிகமா தடுத்துடும். காலையில 50, ராத்திரி 50. 6,000க்கு ரெண்டு மாசம் ஆகும். இதையும் ஆப் வெச்சுப் பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் வருவார், அவர்கிட்டயும் பாஸ்வேர்டைக் கொடுத்துடாதீங்க.

இன்னாபா_இது:
இன்னாபா, 8,400 பேர்னு போட்டுக்கினாதான் கடைக்கு மவுசு. அதைப்போய் 2,400 ஆக்கச் சொல்றியே?

கோட்டை_அகழி:
மவுசு யார்கிட்ட? ஜகார்த்தாக்காரன் அரை கிலோ வாங்க பஸ் ஏறி வருவானா? வர்ற கூட்டம் வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர். காசு கட்டி விளம்பரமா பூஸ்ட் பண்றதா இருந்தா லொகேஷன் ஆற்காடு, சுற்றளவு 25 கி.மீ., நோக்கம் 'மெசேஜ்', ப்ரொஃபைல் விசிட் வேண்டாம். 18% ஜிஎஸ்டி தனி, 500 ரூபாய்க்கு 590 ஆகும். அதுக்கும் முன்னாடி கூகுள் மேப்ஸ்ல கடையைச் சேர்த்து, திறக்கற நேரம், போட்டோ போடுங்க. 'பக்கத்துல ஸ்வீட் கடை'னு தேடறவங்க அங்கதான் வர்றாங்க. அதுக்கு ஒரு ஃபாலோயரும் வேண்டாம்.

லாங்_பஜார்:
நடுவுல ஒரு சந்தேகம். மக்கன் பேடா, குலாப் ஜாமூன், ரெண்டும் ஒண்ணுதானே? அளவுதான பெருசு?

இன்னாபா_இது:
யோவ்!

பாலாறு_மணல்:
ஜாமூன் உருண்டை, உள்ளே ஒண்ணும் கிடையாது. பேடா தட்டை. உள்ளே முந்திரி, திராட்சை, சாரப்பருப்பு, வெள்ளரி விதை. மேல் தோல் லேசா மொறுமொறுனு இருக்கணும்.

லாங்_பஜார்:
ரெண்டும் கோவா, மைதா, பொரிச்சுப் பாகுல போடறது. நடுவுல முந்திரி வெச்சா பேர் மாறிடுமா?

இன்னாபா_இது:
வெறும் சாதத்துல கறி போட்டா பிரியாணி ஆயிடுமா?

லாங்_பஜார்:
ஆம்பூர்க்காரங்ககிட்ட கேளு.

கோட்டை_அகழி:
பிரியாணிக்குத் தனி இழை இருக்கு. 412 பதில். அங்க போங்க.

காட்பாடி_ஜங்ஷன்:
ஸ்வீட் ஐயா, உங்க ரீல்ஸ் நாலு பார்த்தேன். நாலும் கடை போர்டுல ஆரம்பிக்குது, லோகோ சுத்துது, ஆறாவது செகண்ட்லதான் பேடா வருது. அதுக்குள்ள ஆள் தள்ளிவிட்டுப் போயிடுவான். முதல் ஃப்ரேம்லயே ரெண்டு விரலால பேடாவைப் பிட்டு உள்ளே இருக்கற பருப்பைக் காட்டுங்க, பாகு வழியணும். மேல 'இது ஜாமூன் இல்ல'னு ஒரு வரி. மேல நடந்த சண்டை அப்படியே கமெண்ட்ல நடக்கும், ஆளாளுக்கு அனுப்பிக்குவாங்க. 1080க்கு 1920 அளவு, வேற ஆப்போட வாட்டர்மார்க் கூடாது, லொகேஷன் டேக் ஆற்காடு.

ஆற்காடு_ஸ்வீட்:
பாஸ்வேர்டு மாத்தியாச்சு. தெரியாத போன் மூணு லாகின்ல இருந்துச்சு, எடுத்துட்டேன். 50 பேர் ரிமூவ். பிட்டு எடுக்கற வீடியோ நாளைக்கு.

காட்பாடி_ஜங்ஷன்:
போட்டதும் ஒரு வாரம் விட்டு இன்சைட்ஸ் போடுங்க. வெளியாள் சதவீதம் முக்கியம்.

காட்பாடி_ஜங்ஷன்:
ஸ்வீட் ஐயா, பத்து நாளாச்சு. என்னாச்சு?

குடியாத்தம்_லுங்கி:
எனக்கும் இதே பிரச்னைங்க. 11,000 ஃபாலோயர், 90 வியூஸ். அவசரம்.

கோட்டை_அகழி:
எத்தனை ஆயிரம் வாங்கினீங்க?